நல்ல பல்லையும் அடைக்கலாமா?

லொறெய்ன் பல் டொக்டராக அந்த வாவிக்கரை ஆஸ்பத்திரிக்கு வந்த புதிதில், அவளுக்குப் பல்லை விடக் கேள்விகள்தான் பெரிய தொல்லையாக இருந்தன. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்குமா? பால்பல் விழுகிற பல்தானே, அதை ஏன் மினக்கெட்டு அடைப்பான்? ஊத்தை எடுத்தால் பல் ஆடத் தொடங்குமாமே? பிள்ளை வயிற்றில் இருக்கிறபோது ஊசி போடலாமா? வெற்றிலை போடுகிறவர்களின் பல்லில் புழு வராது என்று சொல்கிறார்களே, மெய்தானா? வாயைத் திறங்க என்றால் பல்லைக் காட்டுவதற்கு முதல் கேள்வியைக் காட்டுகிற சனம். வெளியே மர வாங்கில் குந்தியிருக்கிற வரிசை நீண்டுகொண்டு போகும். உதவிக்கு நிற்கும் றஸீனா கதவடியில் நின்று கண்ணால் அவசரப்படுத்துவாள். ஆனாலும் லொறெய்ன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவாள். சொல்லாவிட்டால் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கராம்பை வைத்துக் கட்டிக்கொண்டு கிடந்து, கன்னம் வீங்கிய பிறகுதான் திரும்பி வருவார்கள்.

அவளுக்கு ஊர் மட்டக்களப்பு நகரம். ஒல்லாந்தர், போர்த்துக்கீசர் வழி வந்த பறங்கிச் சனம். புருஷன் வேர்னன் அங்கே ஒரு கராஜ் வைத்திருந்தான். காலையில் பஸ்ஸேறி வடக்கே வந்து வேலை முடித்துப் பின்னேரம் திரும்புவாள். முதல் கொஞ்ச நாள் கவுணோடு வந்த டொக்டரைப் பார்த்துச் சனம் ஒதுங்கித்தான் நின்றது. அவள் தங்களைப் போலவே, "என்னகா, எப்பயிருந்து நோகுது?" என்று கேட்டதும் வாய்கள் தாமாகத் திறந்தன.

சீதேவி அவளிடம் முதல் தடவை வந்தது சண்டை நின்று பாதை திறந்திருந்த காலத்தில். பனிச்சங்கேணிக்காரி. புருஷன் கதிர்காமத்தம்பி ஆற்றில் வலைக்குப் போன இடத்தில் துவக்குச் சூடு பட்டுச் செத்துப்போனவர். மட்டி பொறுக்கியும் இறால் கூடை சுமந்தும் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். அன்றைக்கு மூத்தவள் தக்ஷாயினியைக் கூட்டி வந்திருந்தாள். கல்யாணம் பேசிவிட்டிருந்த பிள்ளை சைக்கிளால் விழுந்து முன்பல்லின் மூலையை உடைத்துக்கொண்டுவிட்டது. இளையவன் சிவதர்ஷன் கதவில் சாய்ந்து நின்று, அக்கா கதிரையில் படுத்திருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதைப் புடுங்கிப்போட்டுப் புதுசு வைக்கிறதா டொக்டர்?" சீதேவி கேட்டாள். "மாப்பிள்ளை வீட்டார் ஆவணியில வாறாங்க."

"புடுங்கத் தேவையில்ல. உடைஞ்ச மூலையைக் கட்டி எடுக்கலாம்."

"கட்டினது கட்டினதெண்டு தெரியுமா?"

"தெரியாம இருக்கத்தான் பாக்கிறன்."

பல் நிறத்தில் இருக்கிற அடைப்புப் பசையில் அந்தக் கிழமை ஸ்டோரில் ஒரே ஒரு வகைதான் இருந்தது. பிள்ளையின் பல்லுக்கு அது கொஞ்சம் வெள்ளை கூட. லொறெய்ன் அதைத்தான் வைத்துக் கட்டி, நீல வெளிச்சம் பிடித்து இறுக வைத்து, ராவி மட்டமாக்கி, கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். தக்ஷாயினி உதட்டை மூடியும் திறந்தும் பார்த்தாள். அவளுக்கு அந்த வெள்ளை பிடித்துவிட்டது. சீதேவிக்கு மட்டும் கேள்வி தீரவில்லை. இதை ராவில் கழற்றி வைக்க வேணுமா? கச்சான் கடலை கொறிக்கலாமா? பல்தேய்க்கிற பசை போடலாமா, உமிக்கரி போதுமா? எத்தனை வருஷம் தாங்கும்?

"கவனமாப் பாத்தாப் பத்து வருஷம் போகும்" என்றாள் லொறெய்ன்.

அந்த மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது.

லொறெய்னின் தங்கச்சி டல்சி டச்பாரில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் அந்த ஒடுங்கின நிலத்தில் வீடு கட்டிக் குடியிருந்தாள். வேர்னனும் லொறெய்னும் போய்ச் சேர்ந்தபோது வீட்டின் சீமெந்துத் தரை மட்டும், யாரோ கழுவிவிட்டது போலத் துப்புரவாகக் கிடந்தது. கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லா இடமும் தேடினார்கள். பிணங்களை மூடியிருந்த துணிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். டல்சியின் மேல் வேட்டைப்பல் ஒன்று கொஞ்சம் திரும்பி இருக்கும். சின்ன வயதில் அதைச் சொல்லி லொறெய்ன் அவளைப் பகிடி பண்ணியிருக்கிறாள். அந்தப் பல் எந்தத் துணிக்குக் கீழும் இல்லை.

"நீ இப்ப வேலைக்குப் போகவேணாம்" என்றான் வேர்னன்.

"வீட்டில இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிக்கும்" என்று சொல்லி, அரிசி ஏற்றிப்போன லொறியொன்றில் ஏறி அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே பின் வளவில், தறப்பாளுக்குக் கீழே சடலங்களைக் கிடத்தியிருந்தார்கள். டிரக்டர் வந்துகொண்டே இருந்தது. பல் அறை வாசலில் சீதேவி நின்றாள். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி சிவதர்ஷன். கடல் வந்த நேரம் இரண்டு பேரும் ஆற்றுப் பக்கம் நின்றதால் தப்பியவர்கள். தக்ஷாயினி வீட்டில் இருந்திருக்கிறாள்.

"டொக்டர், பின்னால ஒரு பிள்ளை கிடக்கு. உயரம் சரி போல. முகம் தெரியா. உடுப்பும் இல்ல." சீதேவி மூச்சு வாங்கினாள். "நான் வாயைத் திறந்து பாக்கப் போனன், விடுறாங்க இல்ல. நீங்க கட்டின பல் உங்களுக்குத் தெரியும்தானே. வந்து பாருங்க."

லொறெய்ன் தன் வாழ்நாளில் செத்த ஒருவரின் வாயைத் திறந்ததில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு போனாள். முழங்கால் மண்ணில் பட இருந்து, உதட்டை விரலால் விலக்கினாள். மண்ணும் பாசியும் பிடித்திருந்தது. போத்தல் தண்ணீரை ஊற்றித் துடைத்தாள். மேல் முன்பல்லின் மூலை, மற்றப் பல்லுகளை விடக் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஓம்" என்றாள். "இவதான்."

"மெய்யா? வடிவாப் பாத்தீங்களா?"

"வடிவாப் பாத்தன்."

சீதேவி குழறி அழவில்லை. பிள்ளையின் காலடியில் குந்தியிருந்து, இரண்டு பாதத்தையும் மடியில் எடுத்து வைத்து, விரல் இடுக்கில் இருந்த மண்ணை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினாள். அவளை எழுப்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பேர் தெரியாதவர்களை எல்லாம் ஒரே குழியில் போட்டு மண் தள்ளி மூடினார்கள். தக்ஷாயினிக்குத் தனிக் குழி கிடைத்தது. அந்த நாட்களில் அது எத்தனை பெரிய காரியம் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு சனம் லொறெய்னைத் தேடி வந்தது. "என்ட மகனுக்கு முன்பல் ரெண்டுக்கும் நடுவில இடைவெளி இருக்கும், ஞாபகம் இருக்கா டொக்டர்?" "என்ட மனிசிக்கு நீங்க கடவாய்ப்பல் புடுங்கினீங்களே, போன மாரியில." சிலரை அவள் கண்டுபிடித்தாள். பலரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு பெண்ணின் உதட்டை விலக்கும்போதும் ஒரு திரும்பின வேட்டைப்பல்லைத் தேடினாள். டல்சி கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக, பஸ்ஸில் முன் சீற்றில் டல்சியினதைப் போலப் பின்னலோடு ஒரு தலை தெரிந்தால் லொறெய்னின் நெஞ்சு ஒருதரம் நின்று அடிக்கும். இறங்கும்போது அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. பனிச்சங்கேணிப் பக்கத்துச் சனம் ஷெல் வீச்சுக்குள்ளால் காடு கடந்து, ஆறு கடந்து, கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தெற்கே வந்தது. சித்தாண்டிப் பக்கம் வயல் வெளியில் கூடாரம் அடித்து இருத்தினார்கள். மழை வந்தால் கூடாரத்துக்குள் தவளை பாயும். தவளைக்கோ மழைக்கோ அங்கே ஒருவரும் பயப்படவில்லை. முகாமில் பொடியன்மார் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கொண்டு போகிறவர்கள் மோட்டார்சைக்கிளில் வருவார்கள், சில வேளை வான் வண்டியில். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கேட்பதும் புத்தியில்லை.

அப்படி ஒரு நாளில்தான் சீதேவி மகனைக் கூட்டிக்கொண்டு பல் அறைக்கு வந்தாள். அவன் தாயை விடத் தலையளவு வளர்ந்திருந்தான். மேலுதட்டில் மீசை கறுக்கத் தொடங்கியிருந்தது.

"எங்க நோகுது?" லொறெய்ன் கேட்டாள்.

"நோவு இல்ல டொக்டர். எல்லாத்தையும் ஒருக்காப் பாருங்க" என்றாள் சீதேவி.

லொறெய்ன் விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். முகாமில் கிடந்து வாறவர்களின் வாய் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இவனுக்கு ஒரு பல்லிலும் கீறல் கூட இல்லை. பல்லைப் பிடித்திருக்கிற முரசும் நல்ல இளஞ்சிவப்பு.

"ஒரு சொத்தையும் இல்ல. எல்லாம் நல்ல பல்லு" என்று சந்தோசமாகச் சொல்லி நிமிர்ந்தாள்.

சீதேவியின் முகம் இருண்டு போயிற்று. பிள்ளையின் பல் நல்ல பல் என்று கேட்டுக் கவலைப்பட்ட தாயை லொறெய்ன் அதுவரை கண்டதில்லை.

"ஒண்டுமே இல்லையா? ஒரு கறுப்புப் புள்ளி?"

"இல்ல."

"ஒரு பல் கோணல்? கூடக் குறைய?"

"இல்லயெண்டா சந்தோசப்படுங்களன்."

சீதேவி கதிரைக்குக் கிட்ட வந்தாள். பிறகு கேட்டாள். "நல்ல பல்லையும் அடைக்கலாமா டொக்டர்?"

"நல்ல பல்லை ஏன் அடைக்கோணும்?"

சீதேவி கதவைத் திரும்பிப் பார்த்தாள். றஸீனா அதைக் கவனித்து, போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இவன்ட அக்காவை நீங்க பல்லைப் பாத்துத்தானே கண்டுபிடிச்சீங்க. இவனுக்கு ஒரு அடையாளமும் இல்ல. மச்சம் இல்ல. எங்கயும் விழுந்த தழும்பு இல்ல. நானும் தலையில இருந்து கால் வரைக்கும் தேடிப் பாத்திட்டன்." அவள் குரல் இறங்கியது. "நாளைக்கு எங்கயாவது கிடந்தா நான் என்னத்தைப் பாத்து என்ட பிள்ளையெண்டு சொல்லுறது?"

கதிரையில் படுத்திருந்த பொடியன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பிடிச் செய்ய ஏலா" என்றாள் லொறெய்ன். "பல்லின்ட மேலோடு ஒருக்காப் போனாத் திரும்ப வளராது. நல்ல பல்லைக் குடையிறதுக்கா நான் படிச்சு வந்த? இவனுக்கு ஒண்டும் நடக்காது, நீங்க வீணாப் பயப்படுறீங்க."

"நடக்காதெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

லொறெய்ன் விளக்கை ஒதுக்கிவிட்டாள்.

பொடியன்தான் பேசினான். "போடுங்க டொக்டர். அம்மா நித்திரை கொள்ளுறா இல்ல. என்ட காலைப் புடிச்சிக்கொண்டுதான் படுக்கிறா."

லொறெய்ன் கை கழுவப் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கனநேரம் நின்றாள். சாமான் எதைத் தரட்டும் என்று றஸீனா மெல்லக் கேட்டபோது, கேட்ட அவளின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வலது பக்கம், கீழே, இரண்டாம் கடவாய்ப்பல்லை லொறெய்ன் தெரிந்தெடுத்தாள். கன்னத்துப் பக்கம் சரிந்து இறங்கும் மேட்டில், சொத்தை ஒரு நாளும் பிடிக்காத இடத்தில், ஒரு நெல்மணி அளவில் சரிவாகக் குடைந்தாள். சத்து நிறைந்த இளம் பல். துளைக்கிற ஊசி அதில் ஏறச் சம்மதியாமல் கீச்சிட்டது. எத்தனையோ அழுகல் பல்லைக் குடைந்தவள், அந்த நல்ல பல்லின் வெள்ளைத் தூள் தண்ணீரில் கரைந்து ஓடுவதைப் பாராமல் கண்ணைத் துளையிலேயே வைத்திருந்தாள். பள்ளத்தில் வெள்ளி அடைப்பை வைத்து அழுத்தி, மினுக்கினாள்.

"இந்த இடத்தில வேறெந்த டொக்டருக்கும் அடைக்க வேலை வராது" என்றாள் சீதேவியிடம். "கண்டா, நான் செஞ்சதெண்டு எனக்குத் தெரியும்."

சீதேவி குனிந்து மகனின் வாய்க்குள் பார்த்தாள். விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வழக்கம் போலக் கேட்டாள். "இவன் எப்ப சாப்பிடலாம்?"

"இண்டைக்கு மற்றப் பக்கத்தால சாப்பிடட்டும்."

மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், முகாமுக்குப் பின்னால் குழாய்க்கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த சிவதர்ஷனை, இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு வானொன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சவர்க்காரம் கல்லில் கிடந்தது. சீதேவி வானுக்குப் பின்னால் றோட்டு வரைக்கும் ஓடினாள். பிறகு பொலிசுக்கு ஓடினாள், ஆமிக் காம்புக்கு ஓடினாள், பாதர்மாரிடம் போனாள், வெள்ளைக்காரர் வந்திருந்த கந்தோர் வாசல்களில் காத்துக் கிடந்தாள். எல்லா இடத்திலும் அவள் சொன்னதைக் கேட்டார்கள். கேட்டதோடு சரி.

அவனுக்குப் பல் அடைத்த கதை முகாமில் பரவியது. ஒவ்வொரு தாயாக, மகனை இழுத்துக்கொண்டு பல் அறைக்கு வரத் தொடங்கினார்கள். சிலர் நேரே கேட்டார்கள், சிலர் பல் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்து, கதவு சாத்தியதும் அழுதார்கள். லொறெய்ன் மறுக்கவில்லை. சீதேவிக்குச் செய்துவிட்டு மற்றவர்களுக்கு எப்படி மறுப்பது? ஒருவனுக்கு மேல் பல், ஒருவனுக்குக் கீழ்ப் பல், ஒருவனுக்கு உள்பக்கம், இன்னொருவனுக்கு வெளிப்பக்கம். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் அது யார் கையில் போய் அகப்படும் என்கிற பயம். எல்லாம் மனதில் நிற்கும் என்று நம்பினாள்.

பிறகு ஒரு காலையில், வரிசையில் நிற்காமல் ஒருவன் நேரே உள்ளே வந்தான். வயது முப்பதுக்குள்தான். இடது கன்னம் வீங்கியிருந்தது. கதிரையில் ஏறிச் சாய்ந்தபோது சேர்ட் விலகி, இடுப்பில் செருகியிருந்தது தெரிந்தது. றஸீனா சுவரோடு ஒட்டி நின்றுவிட்டாள்.

"நல்ல பல்லையும் அடைக்கிறீங்களாமே டொக்டர்" என்றான் அவன்.

லொறெய்ன் விளக்கைத் திருப்பினாள். தட்டில் எதையோ தேடினாள். "சொத்தை வராம இருக்கிறதுக்கு. முன்னுக்கே அடைக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எல்லா இடமும் செய்யிறதுதான்."

"பொடியனுகளுக்கு மட்டும்தான் சொத்தை வருமா?"

அவள் கண்ணாடியை எடுத்து அவன் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"இனிச் செய்யவேணாம்" என்றான். அதட்டவில்லை. கடைக்காரனிடம் சீனி போதும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். பிறகு கன்னத்தைத் தொட்டான். "இதைப் புடுங்கத்தானா வேணும்? ஊசி கனக்க நோகுமா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று எல்லாருக்கும் சொல்லுவதையே அவனுக்கும் சொன்னாள். மருந்தேற்றி, மரத்ததா என்று தட்டிக் கேட்டு, பிடுங்கினாள். பஞ்சைக் கடித்துக்கொண்டு, கையைக் கூப்பி நன்றி சொல்லிவிட்டு அவன் போனான்.

அன்றைக்குப் பிறகு தாய்மார் வந்தபோது, அடைக்கிற சாமான் முடிந்துவிட்டது என்று றஸீனா வாசலிலேயே சொல்லி அனுப்பினாள். உள்ளே லொறெய்ன் கதிரையைத் துடைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி மட்டும் போகாமல் மதியம் வரைக்கும் வாங்கில் இருந்தாள். பிறகு அவளும் மகனைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

வடக்கே வன்னியில் சண்டை முடிந்த வைகாசியில், ஆமி வென்றதென்று றோட்டில் வெடி கொளுத்தினார்கள். வருகிற போகிற வாகனத்தை எல்லாம் மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்த ஒருவன், கடைசி நேரத்தில் வன்னிப் பக்கம் சிவதர்ஷனைப் போல ஒருவனைக் கண்டதாகச் சீதேவியிடம் சொன்னான். போலத்தான், நிச்சயமில்லை. அவனை யார் கொண்டு போனார்கள், எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. சீதேவிக்கு அந்த ஒரு சொல் போதும். திரும்பவும் பனிச்சங்கேணிக்குக் குடிபோயிருந்தவள், கிளினிக் நாட்களில் விடிய வெள்ளண வெளிக்கிட்டு பஸ்ஸேறி வந்து, நோயாளிகள் எல்லாரும் போகுமட்டும் வாங்கில் இருப்பாள். கடைசியாக உள்ளே வந்து ஒரு கேள்வி கேட்பாள்.

"உப்புத் தண்ணியில அந்த வெள்ளி கரையுமா டொக்டர்?"

"கரையாது."

இன்னொரு நாள், "மண்ணுக்குள்ள பல்லு எத்தின காலம் கிடக்கும்?"

"எலும்பு போனாலும் பல்லுக் கிடக்கும்."

இன்னொரு நாள், "நெருப்புப் பட்டா உருகுமா?"

லொறெய்னுக்கு அதன் பதில் தெரியும்: பெரிய நெருப்பில் அந்த வெள்ளி நில்லாது. "உருகாது" என்றாள். சீதேவி தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். வாய் கொப்பளிக்கிற தொட்டியைப் பிடித்தபடி லொறெய்ன் நின்றாள். அந்த மனிசி இனி வரவே கூடாது என்று அவள் மனம் கேட்டது. அப்படிக் கேட்டதை நினைத்து அன்றைக்கு முழுக்க அவளால் சாப்பிட முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷம் ஒன்றில், திரும்பி வந்த சனத்துக்கு வீடு கட்டக் காடு வெட்டிய இடத்தில் ஒரு பாழுங்கிணறு வெளிப்பட்டது. இறைத்துப் பார்த்தபோது எலும்பு வந்தது. நீதவான் வந்தார். பிரேதங்களைச் சோதிக்கிற சட்ட வைத்தியர், எலும்புகளில் பல்லைப் பார்க்க ஒரு பல் டொக்டர் வேண்டும் என்று கேட்டதால் லொறெய்னை அழைத்தார்கள்.

மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். நாடாவுக்கு அந்தப் பக்கம் தாய்மார். சீதேவி முன்னுக்கு நின்றாள். லொறெய்ன் யாரையும் பார்க்காமல் தறப்பாளுக்குக் கீழே போனாள். வெள்ளைத் துணியில் தாடைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மென்மையான தூரிகையால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தாள். கீழ்ப் பக்கம், வலது, இரண்டாம் கடவாய்ப்பல். இல்லை. அடுத்தது. இல்லை. நெல்மணி எதிலும் இல்லை.

கடைசித் தாடை மேல் தாடை. ஞானப்பல் இன்னும் முளைக்காத, வளர்ந்து முடியாத ஒருவனுடையது. இடது பக்கம், உள்பக்கம் பார்த்த மேட்டில், சொத்தை ஒரு நாளும் பிடிக்காத இடத்தில், மங்கிப்போன ஒரு வெள்ளிப் பொட்டு இருந்தது.

அது அவள் வைத்தது. சந்தேகமே இல்லை. அந்த இடத்தில் அதை வைக்க உலகத்தில் வேறொருவருக்கும் காரணம் இல்லை.

யாருக்கு வைத்தாள்?

கண்ணை மூடினாள். கதவு சாத்துகிற சத்தம், அழுகிற தாய்மார், கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த பொடியன்மார் எல்லாம் வந்தன. மேல் இடது உள்பக்கம் யாருக்கு? நீலச் சேர்ட் போட்டு வந்தவனுக்கா? திக்கித் திக்கிக் கதைத்தவனுக்கா? எல்லா முகமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, ஒன்றும் நிலைக்காமல் போயிற்று. எல்லாம் அயத்து மறந்து போய்விட்டது. மனதில் நிற்கும் என்று நம்பிய ஒன்றும் நிற்கவில்லை.

"இது நான் அடைச்ச பல்" என்று சட்ட வைத்தியரிடம் சொன்னாள். "ஆர்ட பிள்ளையெண்டு எனக்குத் தெரியா."

அவர் அவளை விளங்காமல் பார்த்தார்.

நாடாவடிக்கு வந்து நின்றாள். தாய்மார் நெருங்கி வந்தார்கள். "ஒரு பிள்ளைக்கு மேல் பக்கம், இடது கைப் பக்கம், உள்ளுக்கு அடைச்சிருக்கன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "உங்கள்ள ஆர்ட மகனுக்கு அப்பிடி?"

முகங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. "என்ட மகனுக்குக் கீழ்ப் பல்" என்றாள் ஒருத்தி. "என்டவனுக்கு வெளிப்பக்கம் டொக்டர், எனக்கு நல்ல ஞாபகம்" என்றாள் இன்னொருத்தி. "என்ட மகனுக்கு வலது" என்றாள் மூன்றாமவள், சொல்லிக்கொண்டே பின்னுக்குப் போனாள். அடையாளம் வைக்கச் சொல்லிக் கையைப் பிடித்துக் கெஞ்சியவர்கள்தான். அந்த அடையாளம் இப்போது ஒருத்திக்கும் வேண்டாமாயிற்று. அவர்களில் யாரோ ஒருத்தி தெரிந்துகொண்டே இல்லை என்று சொல்லியிருக்கலாம், அல்லது அந்தத் தாய் அங்கே வரவே இல்லாமலிருக்கலாம். லொறெய்ன் யாரையும் வற்புறுத்தவில்லை. எந்த வாயால் வற்புறுத்துவது?

சீதேவி நாடாவைப் பிடித்தபடி நின்றாள். "என்ட பிள்ளை இல்லயா?"

"உங்கட பிள்ளை இல்ல."

"அப்ப அவன் உயிரோட இருக்கானெண்டு அர்த்தமா?"

லொறெய்ன் அவளைப் பார்த்தாள். பஸ்ஸில் தெரியும் பின்னல் தலைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. சீதேவி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தானே தலையை ஆட்டிக்கொண்டாள். எலும்புகளைப் பெட்டியில் போட்டு முத்திரை வைத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் வரவில்லை.

சீதேவி கனகாலம் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. திரும்பி வந்தபோது தன் வாயைக் காட்டத்தான் வந்தாள். முரசு கரைந்து, பல்லெல்லாம் வேர் தெரிய நீண்டு நின்றன. பின்னுக்கு இரண்டு பல்லில் சீழ் கட்டியிருந்தது. கஞ்சி தவிர ஒன்றும் இறங்குவதில்லை என்றாள். உடம்பும் பாதியாகிப் போயிருந்தது.

"இதுகளை வச்சிருக்க ஏலா" என்றாள் லொறெய்ன். "கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் எடுத்துப்போட்டு, புண் ஆறினப்பிறகு கட்டுப்பல் வைப்பம். நல்லாச் சாப்பிடலாம்."

சீதேவி யோசித்தாள். "கட்டுப்பல் வச்சா முகம் மாறுமா டொக்டர்?"

எத்தனையோ பேர் கேட்கிற கேள்வி. லொறெய்ன் வழக்கமான பதிலைச் சொன்னாள். "பல் எடுத்தவுடன கன்னம் கொஞ்சம் உள்ளுக்குப் போகும். வாயும் ஒடுங்கும். கட்டுப்பல் வச்சாப் பிறகு ஓரளவுக்குச் சரி வரும். கொஞ்சம் வித்தியாசமாத்தான் தெரியும், போகப் போகப் பழகிடும்."

"அப்ப வேணாம்."

"நோவோட எப்பிடி இருக்கிற?"

"அவன் வந்தா எங்க தேடி வருவான்? பழைய வீடும் இல்ல, பக்கத்து வீட்டாக்களும் இல்ல. என்ட முகத்தைத்தான் தேடுவான். அதுவும் மாறிப்போனா?" சீதேவி இதை அழாமல், சந்தைக்குப் போகிற வழி சொல்வது போலச் சொன்னாள். "முன்பல்லை விடுங்க. பின்னுக்கு நோகிறதை மட்டும் எடுங்க. அது வெளியில தெரியாதுதானே?"

றஸீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை அடுக்கினாள்.

"தெரியாது" என்றாள் லொறெய்ன்.

சீழ் பிடித்த இரண்டையும் எடுத்தாள். வேரில் பிடி இல்லாததால் அவை கையோடு வந்தன. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள். சூடாக ஒன்றும் குடிக்க வேண்டாம், நாளைக்கு உப்புத் தண்ணீரில் மெல்லக் கொப்பளியுங்கள் என்றாள். சீதேவி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இரத்தம் நிற்கும் வரைக்கும் வெளியே வாங்கில் இருந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தாள்.

மேல் முன்பல் நாலும் ஆடிக்கொண்டுதான் இருந்தன. வருகிற மாரி முடியுமுன் அவை தாமாகவே விழுந்துவிடும் என்பது லொறெய்னுக்குத் தெரியும். அதைச் சீதேவி கேட்கவில்லை. லொறெய்னும் சொல்லவில்லை.